பச்சை வயரை வெட்ட மாட்டேன்

நாங்கள் போட் கட்டுகிற ஜெட்டியில் என்னைப் பற்றி இரண்டு பேச்சு உண்டு. ஒன்று, நான் வாயாடி. இன்னொன்று, எங்கள் போட்டில் கரண்ட் கசிகிறது. முதல் பேச்சு உண்மை, அதை நான் மறுத்ததே இல்லை. இரண்டாவது பச்சைப் பொய். அந்தப் பொய்யை உடைக்க எனக்கு அந்த வாய்தான் உதவியது.

எங்களுக்கு இருப்பது ஒரே போட். ஃபைபர் உடம்பு, ஒரு டீசல் இன்ஜின், அடியில் ஒரு வெண்கல ப்ரொப்பல்லர். மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவுக்கு வருகிற டூரிஸ்டுகளை மீன்பிடிக்கக் கூட்டிப் போகிறோம். தூண்டிலை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாதவர்களுக்குத்தான் ஆள் உயர மீனோடு போட்டோ வேண்டும். அதற்கும் சிரித்த முகத்தோடு தலையாட்ட வேண்டும். அந்த வேலை என் வீட்டுக்காரருடையது. போட்டை ஓட்டுவது, அடிப்பாகத்தில் ஒட்டி வளர்கிற கொட்டலசுச் சிப்பியைத் தண்ணீருக்குள் முங்கிச் சுரண்டுவது எல்லாம் அவர்தான். வயரிங் முழுக்க என் வேலை.

இதில் புரட்சி ஒன்றுமில்லை. அவர் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. பெண் பார்க்க வந்த அன்று நான் கட்டியிருந்தது நல்ல அரக்குச் சிவப்பு. "பச்சைப் பொடவை நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு யாரோ பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனது மாதிரி இருந்தது எனக்கு. அப்படிப்பட்ட ஆளிடம் வயரைக் கொடுத்தால் என்ன ஆகும்? என் அப்பா தூத்துக்குடியிலிருந்து வந்து இங்கே லம்பா லைனில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். மற்றப் பிள்ளைகள் பாண்டி ஆடிய வயதில் நான் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன். எனவே கல்யாணமான கையோடு ஸ்க்ரூ டிரைவர் என் கைக்கு வந்துவிட்டது.

அவர் குடும்பம் சிலோன் தோட்டத்திலிருந்து வந்து, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் இறக்கப்பட்ட குடும்பம். டாலிகஞ்சில் இருக்கிற எங்கள் வீட்டில் என் தூத்துக்குடித் தமிழும் அவருடைய தோட்டத்துத் தமிழும் மோதிக்கொள்ளும். கடைசியில் இரண்டு பேரும் ஹிந்தியில் சமாதானம் ஆவோம். இந்தத் தீவில் பாதிக் குடும்பங்கள் அப்படித்தான் ஓடுகின்றன.

மின்னி பே பக்கம் ஒரு சின்ன தனியார் ஜெட்டியில் போட்டைக் கட்டுகிறோம். அதைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர் ஒரு பெங்காலி. எல்லோருக்கும் அவர் தாதா, பெங்காலியில் அண்ணன். நல்ல மனிதர்தான், ஆனால் தனக்குத் தெரியாதது என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது என்ற நினைப்பு உண்டு. அவர் ஒருநாள் ஜெட்டி நெடுக பிளக் பாயின்ட் போட்டுக் கொடுத்தார். எங்களுக்கெல்லாம் தலைகால் புரியவில்லை. கரையிலிருந்து ஒரு கேபிள் இழுத்தால் போதும், போட்டில் ஃப்ரீசர் ஓடும், பேட்டரி தானாகச் சார்ஜ் ஆகும். அதற்கு முன்னால் ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றித் தூக்கி என் முதுகு போயிருந்தது. முதலில் பிளக்கை மாட்டியவள் நான்தான்.

மாட்டிய கொஞ்ச நாளிலேயே ஜிங்க் காணாமல் போக ஆரம்பித்தது.

ஜிங்க் என்றால் துத்தநாகக் கட்டி. போட்டின் அடியில் ப்ரொப்பல்லருக்குப் பக்கத்தில் போல்ட் போட்டு முறுக்கி வைப்போம். கடல் தண்ணீரில் இரண்டு வேறு உலோகம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அவற்றுக்குள் சின்னதாகக் கரண்ட் ஓடும், இளைத்தது கரைந்துபோகும். துத்தநாகம்தான் இருப்பதிலேயே இளைத்தது. அது கரைகிற வரைக்கும் ப்ரொப்பல்லர் பிழைக்கும். கரைவதுதான் அதன் வேலை. அதைப் புரிந்துகொள்ளாமல், எங்களுக்கு அடுத்த இடத்தில் பெரிய போட்டைக் கட்டுகிற திருநெல்வேலிக்கார அண்ணாச்சி ஒரு பூஜைக்கு ஜிங்க் கட்டிக்கும் சேர்த்து வெள்ளி நிறப் பெயின்ட் அடித்து வைத்தார். வாயைத் தைத்துவிட்டுச் சாப்பிடச் சொன்ன கதை. ஜிங்க் புதுசாகவே இருந்தது, சுக்கான் தண்டு அரித்துப்போனது. "பாத்தியா தங்கச்சி, என் ஜிங்க் எப்படி நிக்குது!" என்று என்னிடம் பெருமை வேறு.

எங்கள் ஜிங்க் அதுவரை ஒரு வருஷம் தாங்கும். பிளக் மாட்டிய பிறகு ஒரு பருவம்கூடத் தாங்கவில்லை. அடுத்ததும் அப்படியே போனது. மழைக்காலத்தில் போட்டைக் கரையேற்றியபோது ப்ரொப்பல்லரின் ஓரம் ரோஜா நிறத்தில் இருந்தது. வெண்கலம் அந்த நிறத்துக்கு வந்தால் உள்ளே இருக்கிற துத்தநாகம் போய்விட்டது, வெறும் செம்புக் கூடுதான் மிச்சம் என்று அர்த்தம். வீட்டுக்காரருக்கு நிறம் தெரியவில்லை. ஸ்பேனரால் தட்டிக் காட்டினேன். கணீர் என்று கேட்க வேண்டியது தகர டப்பா மாதிரி கேட்டது. அது அவருக்குப் புரிந்தது. கொஞ்ச நேரம் அதன் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்திருந்தார்.

கரையில் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். போட்டில் கரண்ட் கசிகிறது, இன்ஜின் சரியில்லை, பேட்டரியை மாற்று, ஒரு தேங்காய் உடை. தாதா மட்டும் நேராக என் பிளக்கைக் கையில் எடுத்தார். அவருக்கு நான் பாபி, அதாவது அண்ணி.

"பாபி, இதுல மூணு வயர் இருக்கு. இந்த ஹரா வயர், பச்சை வயர் எதுக்கு?"

"எர்த் தாதா."

அவர் ஜெட்டியில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சிரித்தார். "அர்த் மத்லப் ஜமீன். போட் தோ பானி மே ஹை. பானி மே ஜமீன் கஹான்?"

எர்த் என்றால் மண், போட் நிற்பதோ தண்ணீரில், தண்ணீரில் மண் ஏது என்று கேட்கிறார். சுற்றி நின்றவர்கள் கைதட்டாத குறை. மலையாளிப் போட்டுக்காரரும் தெலுங்குப் போட்டுக்காரரும் திருநெல்வேலி அண்ணாச்சியும் சேர்ந்து தலையாட்டினார்கள். வீட்டுக்குத்தான் எர்த், மண்ணில் நிற்கிறதுக்குத்தான் எர்த், கடலில் மிதக்கிற போட்டுக்கு அது எதற்கு? பெயரிலேயே பதில் இருக்கிறதே! அப்போதுதான் தெரிந்தது, அந்த ஜெட்டியில் ஒருத்தர் பாக்கியில்லாமல் பிளக்குக்குள் இருந்த பச்சை வயரை வெட்டிவிட்டிருந்தார்கள். வெட்டியதும் அவர்கள் ஜிங்க் கரைவது நின்றுவிட்டதாம். என்னை மட்டும் விட்டுவிட்டோமே என்று எல்லோருக்கும் என்மேல் இரக்கம்.

எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குப் போய் என் மீட்டரை எடுத்து வந்தேன். பிளக்கில் பச்சை வயரை அவிழ்த்து நடுவில் மீட்டரை வைத்தேன். போட்டில் எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டும், பிளக்கைச் சாக்கெட்டில் மாட்டினால் மீட்டரில் எண் ஏறுகிறது, பிடுங்கினால் பூஜ்யத்துக்கு வருகிறது. என் போட்டில் இருந்து ஒன்றும் கசியவில்லை. ஜெட்டியைத் தாங்குகிற இரும்புத் தூண்கள் எல்லாம் கரையில் எர்த்தோடு சேர்ந்திருக்கின்றன. மற்றவர்கள் பச்சையை வெட்டிவிட்டார்கள். ஒட்டிக்கொண்டிருப்பது நான் ஒருத்திதான். ஆகவே ஜெட்டியின் அத்தனை தூணையும் துருப்பிடிக்காமல் காப்பாற்றுவது என் போட்டின் அடியில் தொங்குகிற கையளவு ஜிங்க். தூண் பசி தீர என் ஜிங்க் கரைந்திருக்கிறது. அது தீர்ந்ததும் ப்ரொப்பல்லரில் வாய் வைத்திருக்கிறது. தாதாவிடம் போய், "உங்க ஜெட்டிக்கு நான்தான் சோறு போடுறேன்" என்றேன். அவர் அதை வேடிக்கை என்று நினைத்தார்.

அப்படியானால் வெட்டிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். எல்லோரும் அதையேதான் கேட்டார்கள்.

பச்சை வயர் சும்மா கிடக்கிற வயர்தான், ஒரு நாள் வரைக்கும். அந்த நாளில் சார்ஜரிலோ ஃப்ரீசரிலோ ஒரு வயர் தோல் உரிந்து இரும்பைத் தொடும். பச்சை இருந்தால் கரண்ட் அது வழியே ஓடிப்போய்க் கரையில் சுவிட்சைத் தட்டி அணைத்துவிடும். பச்சை இல்லையென்றால் ஒன்றும் அணையாது. போட்டின் கைப்பிடிக் கம்பி, இன்ஜின், தண்டு, ப்ரொப்பல்லர் எல்லாவற்றிலும் கரண்ட் நிற்கும். பார்த்தால் தெரியாது. யாராவது தொட்டால்தான் தெரியும். உப்புத் தண்ணீர் கரண்டை இழுத்துக்கொள்ளும், ஒன்றும் ஆகாது என்பார் அண்ணாச்சி. முங்கிக் கிடக்கிறவரைக்கும் ஏதோ தப்பிக்கலாம். மேலே ஏறும்போது? ஈர உடம்பு, ஒரு கை ஜெட்டியின் இரும்பு ஏணியில், இன்னொரு கை போட்டின் கம்பியில். கரண்டுக்கு அதைவிட நல்ல பாதை வேண்டுமா? முங்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டால் போயிற்று என்று ஒருவர் சொன்னார். என் பிளக்கை நான் பிடுங்குவேன். பக்கத்துப் போட்டின் பிளக்கை யார் பிடுங்குவது? அந்தக் கம்பியையும்தானே பிடித்து ஏறுகிறார்கள்.

எங்கள் போட்டின் அடியில் முங்குகிறவர் என் வீட்டுக்காரர். எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை. வெட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். புது ப்ரொப்பல்லரும் புது ஜிங்க்கும் மாட்டி, பச்சையை முறுக்கி வைத்து, தேவையில்லாத நேரத்தில் பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன். ஜிங்க் கரைந்துகொண்டேதான் இருந்தது. நானும் எல்லோரிடமும் இந்த ஜெட்டி ஜிங்க்கைத் தின்னுகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இதற்கு ஒரு முறையான வழி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பச்சை வயரின் நடுவில் மாட்டுகிற ஒரு சின்னப் பெட்டி, ஐசொலேட்டர் என்று பெயர். உலோகங்கள் தங்களுக்குள் போடுகிற சில்லறைச் சண்டைக்கு அது கதவை அடைத்துவிடும். ஆளைக் கொல்லுகிற கரண்ட் வந்தால் மட்டும் திறந்து கரைக்கு அனுப்பிவிடும். ஜிங்க்கும் பிழைக்கும், ஆளும் பிழைப்பார். மெயின்லேண்டில் சொல்லி வைத்தேன். கப்பலில் வருகிறது என்றார்கள், கப்பல் கடல் சரியில்லை என்றது, பிறகு வேறு எதுவோ சொன்னது. மெயின்லேண்டில் இருக்கிறவர்களுக்கு நாங்கள் வரைபடத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கிற சோற்றுப் பருக்கை. அது கடைசியில் வந்து சேர்ந்தது, மாட்டினேன், இன்று வரை நன்றாக இருக்கிறது. நான் சொல்ல வந்தது அது வருவதற்கு முன்னால் நடந்தது.

அடுத்த முறை போட்டைக் கரையேற்றியபோது ஜிங்க் முழுசாக இருந்தது. போல்ட்டைச் சுற்றி லேசாக ஒரு வெள்ளைப் பூ, அவ்வளவுதான். வீட்டுக்காரர் அதைக் கையால் தடவி, "பாத்தியா புள்ள, சும்மா பயந்துக்கிட்டு இருந்த" என்றார். எனக்கும் வாயெல்லாம் பல். முதல் பத்து எட்டு சந்தோஷமாகத்தான் நடந்தேன். பிறகு நின்றுவிட்டேன். தூண் அதே தூண், தண்ணீர் அதே தண்ணீர், பெட்டி இன்னும் வரவில்லை. அப்படியிருக்க ஜிங்க் எப்படி முழுசாக இருக்கும்? பசியோடு இருக்கிற நாய் சோற்றை மோந்து பார்த்துவிட்டுப் போகுமா?

போய் பிளக்கின் மூடியைத் திறந்தேன். பச்சை வயர் வெட்டப்பட்டு, முனையில் கறுப்பு டேப் அழகாகச் சுற்றியிருந்தது.

வீட்டுக்காரர் அப்போது அடிப்பாகத்துக்குப் பெயின்ட் கலக்கிக்கொண்டிருந்தார். பிளக்கை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"யாரு வெட்டுனது?"

"எதை?"

"பச்சையை."

"எனக்கு எது பச்சைன்னு தெரியுமா?" என்றார், தப்பித்துவிட்ட மாதிரி.

"அதான் நானும் கேக்கேன். உங்களுக்குப் பச்சை எது செவப்பு எதுன்னு தெரியாது. வெட்டினது சரியாப் பச்சை. காட்டிக் குடுத்தது யாரு?"

அவர் பெயின்ட் குச்சியை டப்பாவின் விளிம்பில் வழித்தார். வழித்த இடத்தையே மறுபடியும் வழித்தார். "தாதாதான் வெட்டுனாரு. நான் பிளக்கைப் புடிச்சிக்கிட்டு நின்னேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"ஊரே நம்ம போட்டக் கரண்ட் போட்டுங்குது. பக்கத்துல எவனும் கட்ட மாட்டேங்குறான். தாதா வேற, ஜெட்டியப் பத்தி நீ தப்பாப் பேசுறேன்னு ஒம்மேல கோவத்துல இருக்காரு. சீசன் வாற நேரத்துல எடத்தக் காலி பண்ணுன்னா எங்க போயி கட்டுறது? எனக்கு மட்டும் மானம் இல்லையா? தண்ணிக்குள்ள போறவன் நான். எனக்கில்லாத பயம் ஒனக்கென்ன?"

"உங்களுக்கு எப்படிப் பயம் வரும்? ஒண்ணு ஆயிட்டா உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. கரையில நின்னுக்கிட்டுக் கூப்புட்டுக் கூப்புட்டுப் பாக்கப் போறது நானு. ஜிங்க் போனா வேற ஜிங்க் மாட்டலாம். உங்களுக்குப் பதிலா எத மாட்டுறது?"

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அழுகை வந்ததற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. அவர் கையிலிருந்த குச்சியிலிருந்து பெயின்ட் அவர் காலில் சொட்டியது, அதையும் பார்க்காமல் நின்றார். பிறகு, "சரி, திரும்ப மாட்டு" என்றார். மன்னிப்பெல்லாம் அவர் வாயில் வராது, அது அந்தக் குடும்பத்திலேயே கிடையாது. நான் அங்கேயே உட்கார்ந்து பச்சையைச் சீவி, பழையபடி முறுக்கினேன்.

மறுநாளே தாதாவிடம் போய்ச் சண்டை போட்டேன். என் போட்டின் பிளக்கை என்னைக் கேட்காமல் திறக்க நீங்கள் யார் என்று கேட்டேன். அவர் என்னைத் தங்கை மாதிரி நினைத்துச் செய்ததாகச் சொன்னார். பிறகு முகம் மாறியது. ஜெட்டியைப் பற்றி நான் பரப்புகிற பேச்சால் புதிதாக வர இருந்த இரண்டு போட்டுக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்களாம். விஸ்வகர்மா பூஜைக்குள் எல்லாரையும் போல நானும் வெட்டிக்கொள்ள வேண்டும், வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பூஜை முடிந்ததும் கயிற்றை அவிழ்க்க வேண்டும். பக்கத்தில் கரண்ட் உள்ள வேறு ஜெட்டி கிடையாது. இருக்கிற ஒன்றிரண்டும் எங்களை மாதிரிச் சின்ன ஆட்களுக்கு இடம் தராது. சீசன் பூஜைக்குப் பிறகுதான் சூடு பிடிக்கும். அது எல்லாம் அவருக்குத் தெரியும்.

நானும் வீட்டில் யோசித்துப் பார்த்தேன், யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஒரே ஒரு வயர். வெட்டிவிட்டு, அவரைத் தண்ணீரில் இறங்க விடாமல் பார்த்துக்கொண்டால் என்ன? அப்புறம் வேறு ஆளை வைத்துச் சுரண்ட வேண்டும். மற்றப் போட்டுகளின் அடியைச் சுரண்ட வருகிற தெலுங்கு அண்ணாவைத்தான் கூப்பிட வேண்டும். அவரும் யாரோ ஒருத்தியின் வீட்டுக்காரர்தானே. அந்த எண்ணம் வந்த பிறகு யோசனை முடிந்துவிட்டது.

எங்கள் ஊரில் விஸ்வகர்மா பூஜை பெங்காலிகள் கொண்டுவந்தது, ஆனால் இன்ஜின் வைத்திருக்கிற எல்லோருக்கும் அது பண்டிகைதான். பூஜைக்கு முந்தின நாள் காலையிலேயே ஜெட்டி களைகட்டிவிட்டது. ஒவ்வொரு போட்டிலும் சீரியல் பல்ப் தோரணம் கட்டி, எரிகிறதா என்று பார்க்கப் பகலிலேயே எரியவிட்டிருந்தார்கள். எல்லாப் பிளக்கும் சாக்கெட்டில். அடிப்பாகமும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று தெலுங்கு அண்ணாவும் அவரோடு வருகிற இன்னொருவரும் சுரண்ட வந்திருந்தார்கள். தெலுங்கு அண்ணா, அண்ணாச்சியின் போட்டுக்குப் பக்கத்தில் இரும்பு ஏணியில் பாதி இறங்கி, தண்ணீரில் கால் நனைய, முங்குகிற கண்ணாடியை எச்சில் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் தள்ளியிருந்த ஒரு போட்டின் அடியில் இருந்தார். சுரண்டுகிற சத்தம் பலகை வழியே கேட்டது. என் வீட்டுக்காரரும் சுரண்டியோடு நின்றிருந்தார்.

தாதா வந்தார். அவர் கையில் கட்டிங் பிளேயர். கூடவே அண்ணாச்சி, பஞ்சாயத்துக்கு.

"ஃபைசலா கரோ பாபி" என்றார் தாதா. முடிவு சொல்லச் சொல்கிறார்.

"என்ன தங்கச்சி, ஒரு வயருக்குப் போயி இம்புட்டு அடம் புடிக்குதிய" என்றார் அண்ணாச்சி. "எல்லாரும் வெட்டிட்டுத்தான இருக்கோம். எவனுக்கு என்ன ஆச்சு?"

நான் என் பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி, மூடியைத் திறந்து, தாதாவின் முன்னால் நீட்டினேன். பேசியது ஹிந்தியில்தான், ஒருத்தருக்கும் புரியாமல் போய்விடக் கூடாதே. வெட்டுங்கள் தாதா என்றேன். வெட்டியதும் நானே இதைத் திரும்பச் சாக்கெட்டில் மாட்டுகிறேன். நீங்கள் இந்த ஏணி வழியாகத் தண்ணீரில் இறங்குங்கள். கீழே போய் ப்ரொப்பல்லரைத் தொடுங்கள். மேலே வரும்போது ஒரு கையில் ஏணி, ஒரு கையில் போட்டின் கம்பி. அது போதும். நீங்கள் சிரித்துக்கொண்டு மேலே வந்தால் என் வாயை இன்றோடு மூடிக்கொள்கிறேன், போட்டையும் உங்கள் பேருக்கே எழுதித் தருகிறேன்.

தாதா பிளேயரைப் பார்த்தார். "முஜே தைர்னா நஹி ஆதா" என்றார் மெதுவாக. அவருக்கு நீச்சல் தெரியாதாம். ஜெட்டியே நடத்துகிற மனிதர்! யாரோ பின்னால் களுக்கென்று சிரித்துவிட்டார்கள்.

"அப்ப அண்ணாச்சி எறங்கட்டும்" என்றேன், இந்த முறை தமிழில். "தாமிரபரணிய இக்கரையிலேர்ந்து அக்கரைக்கு நீஞ்சுன கதையச் சொல்லுவீயள்ல. உங்க போட்டுலயே எறங்குங்க. உங்க பச்சையத்தான் எப்பவோ வெட்டியாச்சே."

"எனக்கு ரெண்டு நாளா சளி" என்றார் அண்ணாச்சி. சொன்ன பிறகு அவருக்கே அது நன்றாக இல்லை என்று தோன்றியிருக்க வேண்டும். குரலை உயர்த்தி ஹிந்திக்கு மாறினார். ஏணியில் நின்ற தெலுங்கு அண்ணாவைக் கையால் காட்டி, இவன் தினமும் இறங்குகிறான், இவனுக்கு என்ன ஆனது, கேட்டுப் பாருங்கள் என்றார்.

எல்லோரும் ஏணியைப் பார்த்தோம்.

நான் அதுவரை பேசியதெல்லாம் தாதாவிடமும் அண்ணாச்சியிடமும்தான். தண்ணீரில் கால் நனைய நின்றவரை நினைத்துச் சண்டை போட்டேனே தவிர, அவரிடம் ஒரு நாளும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டிருக்கிறார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, போட்டின் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்தார். ஏணியை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சாப்" என்றார் அண்ணாச்சியிடம். குரலில் சண்டை இல்லை, சந்தேகம் கேட்கிற மாதிரிதான் இருந்தது. "ஆப் உத்ரோகே?"

நீங்கள் இறங்குவீர்களா என்று கேட்டார். அண்ணாச்சி தாதாவைப் பார்த்தார். தாதா பிளேயரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்தார். தெலுங்கு அண்ணா மேலே ஏறி வந்து, சுரண்டியைப் பலகைமேல் வைத்தார். தன் ஆளைத் தெலுங்கில் ஒரு சத்தம் கொடுத்துக் கூப்பிட்டார். தள்ளியிருந்த போட்டின் அடியில் சுரண்டுகிற சத்தமும் நின்றது.

ஏணிக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர் போய் நின்றுகொண்டார். அவர் கையிலும் சுரண்டி இருந்தது, அவரும் அதைக் கீழே வைத்தார்.

நாளைக்குப் பூஜை. அண்ணாச்சியின் போட்டின் அடி முழுக்கக் கொட்டலசு. அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போய்த் தன் பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கினார். அவருடைய தோரணம் அணைந்தது. போதுமா என்கிற மாதிரி தெலுங்கு அண்ணாவைப் பார்த்தார். அண்ணா அசையவில்லை. அடுத்த போட்டைக் காட்டினார், அதற்கடுத்ததையும் காட்டினார். ஒவ்வொருவராகப் போய்ப் பிடுங்கினார்கள். கடைசியில் ஜெட்டியில் ஒரு பல்ப்கூட எரியவில்லை.

அப்புறமும் தெலுங்கு அண்ணா இறங்கவில்லை. அண்ணாச்சி கீழே போட்டிருந்த பிளக்கைக் குனிந்து எடுத்து, அதை அண்ணாச்சியின் கையிலேயே திரும்ப வைத்து, விரல்களை அதன்மேல் மடித்துவிட்டார். "பக்கட்கே ரக்கோ, சாப்" என்றார். பிடித்துக்கொண்டிருங்கள்.

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் போனார். அவர் மேலே வரும் வரைக்கும் அண்ணாச்சி அந்தப் பிளக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார்.